வாய் பொத்தும் வீடு

மேலப்பொய்கையில் நீலக்காய்ச்சல் நுழையாத வீடு எங்களுடையது ஒன்றுதான். இதை நான் பெருமையாகத்தான் சொல்லிவந்தேன். ஒவ்வொரு வாசலிலும் அரசாங்கம் நட்டுவைத்திருந்த சூடு பார்க்கும் கம்பங்கள் தெருவெங்கும் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்த நாட்களில், எங்கள் வாசல் கம்பத்தில் மட்டும் பச்சை விளக்கு அசையாமல் நின்றது. போகிறவர்கள் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள்.

ஐப்பசி மழையில் எனக்குக் கொஞ்சம் உடம்பு காய்ந்தது உண்மை. அது வேறு காய்ச்சல் என்று வைத்துக்கொண்டேன். அறைக் கதவைத் தாழிட்டு, மிளகுக் கசாயம் நானே வைத்துக் குடித்து, கம்பத்தின் பக்கம் போகாமல் இருந்துவிட்டேன். வீட்டுத் தலைவனுக்கு உடம்பு சுட்டது என்று ஒருவருக்குத் தெரிந்தாலும் ஊருக்குத் தெரிந்துவிடும்.

எங்களைப் பெரியமதில் வீட்டுக்காரர்கள் என்பார்கள். பெண் கொடுத்ததும் எடுத்ததும் எங்களுக்குள்ளேயேதான். அத்தை மகள், மாமன் மகள், அக்காள் மகள் என்று முறை தப்பாமல் கட்டிவந்திருக்கிறோம். வெளி ரத்தம் ஒரு துளி கலக்காததால்தான் எந்த நோயும் எங்களை அண்டுவதில்லை என்று என் தகப்பனார் சொல்வார். நானும் சொல்லியிருக்கிறேன்.

வேறு வீடுகளில் இல்லாத இரண்டு வழக்கங்கள் எங்களுக்கு உண்டு. தலைவனிடம் பேசுகிறவர் யாராக இருந்தாலும் எட்டி நின்று, வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேச வேண்டும். பெற்ற மகனுக்கும் அதுதான். மனைவி போனபின் நான் தனியறையில் என் கையால் பொங்கிச் சாப்பிடுகிறவன். ஆகவே என் முகத்துக்கு நேரே இன்னொரு மூச்சு வந்து பல வருடம் ஆகிறது.

இரண்டாவது வழக்கம் இதற்கு நேர் எதிரானது. ஊரில் கொள்ளைநோய் வந்தால் எங்கள் வீட்டார் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு நோய் கண்ட வீடுகளுக்குப் போவார்கள். தூக்குவாளியை வாசலில் வைத்துவிட்டுத் திரும்புவதில்லை. உள்ளே போய், தலைமாட்டில் உட்கார்ந்து, தலையை மடியில் வைத்து, ஊதி ஆற்றிப் புகட்டுவார்கள். முகத்தை மூடிக்கொண்டு அன்னமிடுவது அவமதிப்பு என்பது எங்கள் முன்னோர் வாக்கு. இந்தக் காய்ச்சலுக்கு அரசாங்கம் பறக்கும் எந்திரங்களில் சாப்பாட்டுப் பொட்டலம் அனுப்பியது. மொட்டைமாடிகளில் அவை பிரிக்காமல் கிடந்தன. சாகக் கிடந்தவர்கள்கூட, "பெரியமதில் வீட்டுக் கஞ்சி ஒரு வாய்" என்றுதான் கேட்டார்கள்.

அதற்காகத்தான் இந்த வருடம் முப்பிடாதி அம்மன் கொடைத் திருவிழாவில் எங்களுக்குப் பரிவட்டம் கட்டுவதென்று ஊர் கூடி முடிவு செய்தது. கொடைக்கு முந்தின நாள் மத்தியானம், என் தங்கை மகள் காந்திமதி வந்தாள்.

அவள் என் மகன் குற்றாலநாதனுக்கு உரிய பெண். சென்னைக்குப் படிக்கப் போனவள், எவனோ ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கே அவளைத் தலைமுழுகினேன். போன வருடம் சென்னையில் இதே காய்ச்சல் வந்தபோது அவள் புருஷன் இறந்துபோனான். துக்கம் கேட்க நான் ஆள் அனுப்பவில்லை. வெளியே போனால் இப்படித்தான் ஆகும் என்று சொன்னேன். சொன்னது அவள் காதுக்கும் போயிருக்கும்.

அவள் அறை வாசலுக்கு எட்டியே நின்றாள். முகத்தில் பாதியை மறைத்துக் கனமான மாஸ்க் கட்டியிருந்தாள். போன பெண் வீட்டு மரியாதையை மறக்கவில்லை என்று முதலில் நினைத்தேன்.

"எப்படி இருக்கிய மாமா?"

"இருக்கேன். எதுக்கு வந்த? பரிவட்டத்துல பங்கு கேக்கவா?"

"அந்தப் பரிவட்டத்த வாங்காதியன்னு சொல்ல வந்தேன்."

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் மதிலுக்கு வெளியே நின்றிருப்பார்கள். ஆனால் அவளுக்கு என் தாயின் பெயர். மகள் வயிற்றுப் பேத்திக்குப் பாட்டி பெயரை வைப்பது வழக்கம். அந்தப் பெயரைச் சொல்லித் திட்ட எனக்கு நா வராது. கூடத்துச் சுவரில் மாலையோடு என் தாயின் படம் இருக்கிறது. பெண்பிள்ளை பிறந்தால் அந்தப் படத்தின் முன் வந்து நின்று, பெயரைக் கேட்டு வாங்கிப் போகிற ஊர் இது.

"போன வாரம் வீட்டுல எல்லார்ட்டயும் எச்சில் எடுத்துட்டுப் போனாங்கல்ல? அது எங்க ஆய்வுக்கூடத்துக்குத்தான் வந்துச்சு" என்றாள்.

எடுத்தார்கள். காய்ச்சல் அண்டாத வீட்டின் ரகசியம் என்ன என்று அரசாங்கமே ஆள் அனுப்பியிருக்கிறது என்று மகிழ்ந்துதான் சம்மதித்தேன். எதிலும் முதல் மரியாதை தலைவனுக்கு என்பதால், என் எச்சிலை எடுத்த பிறகே மற்றவர்களைத் தொட விட்டேன்.

"என்ன கண்டுபிடிச்ச?"

"நம்ம சர்க்கரை வேற மாமா."

"ஏட்டி, இந்த வீட்ல எவனுக்கும் சர்க்கரை கிடையாது. இந்த வயசுலயும் நான் அல்வா திங்கேன்."

மாஸ்குக்குப் பின்னால் அவள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. சட்டென்று நின்றும் போனது.

"அந்தச் சர்க்கரை இல்ல. வைரஸ் மேல முள்ளு முள்ளா இருக்கும். அந்த முள்ளை வச்சுத்தான் அது நம்ம உடம்புக்குள்ள கதவைத் திறக்கும். முள்ளை மூடி சர்க்கரைச் சங்கிலியாக் கிடக்கும். பலாப்பழத்து மேல சாக்கைப் போத்துன மாதிரி வச்சுக்கோங்க. அந்தச் சாக்கை நெய்ய வைரஸுக்குத் தெரியாது. எந்த உடம்புக்குள்ள பிறக்கோ, அந்த உடம்புதான் அதுக்குச் சட்டை தச்சுப் போட்டு அனுப்புது."

"நம்ம உடம்புல பிறந்தா நம்ம சட்டையா?"

"ஆமா. ஊர்ல எல்லார் சட்டையிலயும் சங்கிலி நுனியில ஒரு சர்க்கரை உண்டு. முள்ளையும் அந்த நுனியையும் சேத்துத்தான் அரசாங்க ஊசி உடம்புக்கு அடையாளம் காட்டிக் குடுத்திருக்கு. நம்ம ஆளுகளுக்கு அந்த நுனி கிடையாது. உள்ளுக்குள்ளயே கட்டிக்கிட்டதுல அது செய்யுற வித்தை நம்ம வம்சத்துல அத்துப்போச்சு. அதனால, ஊர்ச் சட்டை போட்ட வைரஸ் நமக்குள்ள வந்தா நம்ம ரத்தம் அதை அந்நியன்னு கண்டு அடிச்சிரும். அதான் யாருக்கும் காய்ச்சல் வரல."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். "இதைத்தான எங்கப்பா படிச்சுப் படிச்சுச் சொன்னாரு? வெளி ரத்தம் கலக்காத உடம்புன்னு. நீ இதை மெஷின்ல பாத்துட்டு வந்து சொல்லுத."

"முழுசாக் கேளுங்க மாமா. அடிபடுறதுக்கு முந்தி அது நம்ம தொண்டையில கொஞ்சம் குட்டி போட்டுருது. அந்தக் குட்டிக நம்ம சட்டையோட வெளிய போகுது. நுனியில்லாத சட்டை. ஊசி போட்ட உடம்புக்கு அதை அடையாளம் தெரியாது. தடுக்க ஆளில்லாம நேரா நெஞ்சுக்குள்ள இறங்கிருது. அதுக்கப்புறம் அங்க பெருகுறதெல்லாம் ஊர்ச் சட்டைதான், உடம்புக்கும் அப்பத்தான் தெரியும். தெரிஞ்சு என்ன? கூரை முழுக்கப் பத்திக்கிட்ட பிறகு."

அவள் ஒவ்வொரு சொல்லாக இறக்கி வைத்தாள்.

"ஊர்ல காய்ச்சல் வந்தவங்கள்ல முக்காவாசிப் பேர் ஊசியால பிழைச்சிட்டாங்க. ஒவ்வொரு சாவு வீடாப் போய் விசாரிச்சேன். செத்த அத்தனை பேரும் நம்ம கஞ்சி குடிச்சவங்க."

"சாகக் கிடந்ததால கஞ்சி கொண்டு போனோம்."

"இல்ல மாமா. வெறும் காய்ச்சலாக் கிடந்தவங்க. நாம போய் மடியில படுக்க வச்சு ஊதிப் புகட்டுன பிறகுதான் உதடு நீலமாச்சு."

வெளியே கூடத்தில் மருமகள் செண்பகம் மறுநாளைக்குப் பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் அறைக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

"நீ இந்த வீட்டு மேல உள்ள கோவத்துல பேசுத" என்றேன்.

"கோவமா? எங்க வீட்டுக்காரருக்கு லேசான காய்ச்சல்தான் மாமா. ஆஸ்பத்திரி வேண்டாம், நான் பாத்துக்கிடுதேன்னு நம்ம வீட்டு வழக்கப்படி நானே ஊதி ஊதிப் புகட்டுனேன். மூணாம் நாள் போயிட்டாரு. ஊசி போட்ட மனுசன் எப்படிச் செத்தாருன்னு தேடத்தான் இந்த ஆராய்ச்சியில இறங்கினேன். கடைசியில என் எச்சில்லதான் வந்து நின்னுச்சு."

அவள் அழவில்லை. எங்கள் வீட்டுப் பெண்தான்.

எனக்கு முதலில் மகன் நாதன் நினைவுக்கு வந்தான். பக்கத்துத் தெருவில் பேட்டரி வண்டி பழுது பார்க்கும் மைதீனும் அவனும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். மைதீனுக்குக் காய்ச்சல் என்றதும் அவனே வாளியைத் தூக்கிக்கொண்டு போனான். மைதீன் தலை கடைசியில் என் மகன் மடியில்தான் கிடந்தது. அடக்கம் முடிந்து வந்து, "கடைசி வரைக்கும் நான் அவனை விடலப்பா" என்று வாய் பொத்திய கையோடு சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் துக்கத்தோடு ஒரு நிறைவும் இருந்தது.

"இப்ப என்ன செய்யணும்னு சொல்லுத?"

"அரசாங்கத்துக்குச் சொன்னா எல்லாரையும் தனி முகாமுக்குக் கொண்டு போவாங்க. புது ஊசி தயாராகிற வரைக்கும் அங்கதான்."

"முகாமுக்கு எதுக்குப் போனாங்கன்னு ஊர் கேக்காதா?"

"கேக்கும்."

"கேட்டா மதிலை இடிச்சு வீட்டுக்குத் தீ வைப்பானுவ. வைக்கட்டும், அது அவனுக நியாயம். ஆனா உள்ள இருக்கறவங்களுக்குத் தெரியக் கூடாது. மைதீனை யார் கொன்னதுன்னு நாதனுக்குத் தெரிஞ்சா அவன் உசுரோட இருக்க மாட்டான். செண்பகம் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கா தெரியுமா? பச்சைப் பிள்ளைகளுக்கெல்லாம் புகட்டியிருக்கா."

"அதுக்காக மறைக்கதா?"

"கதவைச் சாத்திருதேன். உள்ளவன் வெளிய போக மாட்டான், வெளியவன் உள்ள வர மாட்டான். காரணம் என்னைச் சேந்தது."

"ஒரு தடவை கதவு திறந்துச்சுன்னு தெரிஞ்சாலும் நானே வண்டி அனுப்பிருவேன்" என்றாள். பிறகும் போகவில்லை.

"இன்னும் என்ன?"

"கதவைச் சாத்துறதுன்னா நீங்க உள்ள இருக்கக் கூடாது மாமா. என்கூட வந்துருங்க. மதுரையில ஒரு தனி ரூம் பாத்து வச்சிருக்கேன்."

"வீட்டுக்கு எஜமான் நான். நான் மட்டும் எதுக்கு வரணும்?"

"இந்த வீட்ல ஊர்ச் சட்டை உள்ளவரு நீங்க ஒருத்தருதான்."

பித்தளைச் சத்தம் நின்றிருந்தது. ஐப்பசிக் காய்ச்சல் நினைவுக்கு வந்தது. அது வேறு காய்ச்சல் இல்லை; ஊர்ச் சட்டையோடு வந்ததால் ஊசி அதை அடக்கியிருக்கிறது.

"மெஷின் தப்பா சொல்லுதோ?"

"மூணு தடவை பாத்தேன். அந்த நுனி இல்லாமப் போகணும்னா அப்பா வழி, அம்மா வழி ரெண்டுலயும் அந்தக் குறை வரணும். உங்களுக்கு..." அவள் மேலே சொல்லத் தயங்கினாள். "உங்களுக்கு ஒரு பக்கம்தான் வந்திருக்கு."

ஒரு பக்கம். என்னைப் பெற்றவள் இந்த வீட்டில், இதே கூடத்துக்குப் பின்னறையில் என்னைப் பெற்றாள். மருத்துவச்சியும் ஊர்ப் பெண்களும் கூட இருந்தார்கள். அவள் பக்கத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை. அப்படியானால் மற்றப் பக்கம் எது என்பதைக் காந்திமதி சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. படத்தின் பக்கம் இருவருமே திரும்பவில்லை.

"இதை வேற யார்ட்டயாவது சொன்னியா?"

"இல்ல மாமா."

"சொல்லாத."

"சொல்லல. ஆனா வந்துருங்க. இத்தனை நாள் உங்களைக் காப்பாத்துனது அந்த வாய் பொத்துற வழக்கந்தான். அதை நம்பி எத்தனை நாள் இருப்பிய? கதவைச் சாத்திட்டா இந்த வீட்டுக்குள்ள சாகறதுக்கு நீங்க ஒருத்தருதான் உண்டு."

"நான் மட்டும் வெளிய போனா, இவரை மட்டும் எதுக்குப் பிரிச்சாங்கன்னு உள்ள கேப்பாங்க. அவங்களுக்கு வயசு இருக்கு, படிச்சிருக்காங்க, என்னைக்காவது பதிலைக் கண்டுபிடிச்சிருவாங்க. அப்புறம் அந்தப் படத்துக்கு யார் மாலை போடுவா?"

"பாட்டி செத்து எத்தனை வருசம் ஆச்சு மாமா! நீங்க உசுரோட இருக்கிய."

"அதான் நான் இருக்கணும்."

அவள் பையிலிருந்து தன்னுடையதைப் போலவே கனமான மாஸ்குகளை எடுத்து வாசல்படியில் வைத்தாள். "இதையாவது போடுங்க. யார் பேச வந்தாலும்" என்றாள். போகும்போது கூடத்தில் ஒரு கணம் நின்றாள். தன் பெயர்க்காரியின் படத்தைப் பார்க்க நின்றாளோ என்னவோ, நான் எழுந்து பார்க்கவில்லை.

மறுநாள் காலை மேளம் எங்கள் தெருவுக்குள் திரும்புவதற்குள் இரும்புக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். தர்மகர்த்தா வேலாண்டி தட்டில் பட்டோடு வந்தார். பின்னால் ஊரே நின்றது. பலபேர் நோயிலிருந்து எழுந்து வந்தவர்கள், கால் தள்ளாடியது.

"அண்ணாச்சி, கதவைத் திறங்க. நேரமாச்சுல்லா" என்றார் வேலாண்டி.

கம்பிக்கு இந்தப் பக்கம் எட்டி நின்று சொன்னேன். "பரிவட்டம் வேண்டாம். இனிமே கஞ்சியும் கிடையாது. எங்க வீட்டாளுக யாரும் வெளிய வர மாட்டாங்க."

"என்ன அண்ணாச்சி, ஏதும் மனக்குறையா? நாங்க ஏதும் தப்பாப் பேசிட்டமா?"

"மனக்குறை இல்ல. எனக்குப் பயமா இருக்கு."

"என்ன சொல்லுதிய?"

"காய்ச்சலுக்குப் பயமா இருக்குன்னு சொல்லுதேன். எங்களுக்கும் உசுரு வெல்லந்தான்."

மேளக்காரர் குச்சியைக் கீழே இறக்கினார். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவன், "கம்பத்துல பச்சை எரியுதுன்னு நம்மள எப்படிப் பாத்தாரு! இப்பப் பாருங்கல" என்றான். இன்னொருவன், "பரிவட்டத்தை இவருக்கு எதுக்கு வே கட்டணும்? கோழிக்கூட்டுக்குக் கட்டுங்க" என்றான். சிரித்தார்கள். கைப்பிள்ளையோடு நின்ற பெண் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வாய் குடுத்திட்டுச் சாத்துங்கய்யா" என்றாள். அவள் கண்ணைப் பார்த்தே முடியாது என்றேன். போகும்போது கதவில் காறித் துப்பினாள். வேலாண்டி தட்டை ஒரு துண்டால் மூடிக்கொண்டு நடந்தார்.

என் வீட்டார் அத்தனை பேரும் கூடத்துத் தூண்களுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டார்கள். நான் கடந்து போகையில் எல்லாருடைய கையும் வாயில் இருந்தது. கண்கள்தான் மாறியிருந்தன.

சில நாட்கள் அப்படிப் போயின. மதிலுக்கு அப்பால் அழுகுரல் குறைந்துகொண்டே வந்ததை நான் ஒருவன் கவனித்தேன். மற்றவர்கள் கதவுக்கு வெளியே எழுதப்பட்ட வசைகளைத்தான் கவனித்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை நாதன் அறை வாசலுக்கு வந்தான். பழக்கத்தில் வலது கை வாய்க்குப் போயிற்று.

"அப்பா, மைதீன் பொண்டாட்டிக்குக் காய்ச்சலாம். போன் பண்ணி அழுதா. சாவியைக் குடுங்க."

"முடியாது."

"மத்தவங்களை விடுங்க. நான் ஒருத்தன் போயிட்டு வாரேன். எனக்கு ஒண்ணும் ஆகாது. நம்ம வீட்ல யாருக்கும் ஆகாதுன்னு நீங்கதான சொல்லுவிய?"

"போகக் கூடாதுன்னா போகக் கூடாது."

"எதுக்குப்பா? ஒரு காரணம் சொல்லுங்க."

"சொல்லியாச்சே. பயம்."

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறந்ததிலிருந்து அவன் பார்த்த முகத்தில் எதையோ தேடினான், அது அங்கே இல்லை. கை மெதுவாக வாயிலிருந்து இறங்கியது.

வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்தான். என் நாற்காலிக்கு முன்னால் குனிந்து, முகத்துக்கு முகம் வைத்துப் பேசினான். பேசினான் என்றா சொல்வது, அத்தனை வருடமாகக் கைக்குப் பின்னால் நின்ற குரல் முழுதும் வெளியே வந்தது. என்ன தகப்பன் நீர் என்றான். உமக்கு மகனாகப் பிறந்ததற்கு மைதீன் வீட்டில் பிறந்திருக்கலாம் என்றான். இந்த வீட்டு ரத்தம் உம் உடம்பில் ஓடுகிறதா என்று கேட்டான். அவன் எச்சில் என் கன்னத்திலும் உதட்டிலும் சில்லென்று தெறித்தது.

காந்திமதி வைத்துவிட்டுப் போனவை கை நீட்டினால் எட்டும் தூரத்தில் மேசைமேல் இருந்தன. தோளில் துண்டும் இருந்தது. ஆனால் இந்த வீட்டுத் தலைவன் யார் முன்னாலும் வாயைப் பொத்தியதில்லை. அவன் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தவன், அதைக் கேட்ட கணத்தில் முகத்தைத் திருப்பினால், அதுவே பதிலாகிவிடும். அவன் பேசி முடிக்கும்வரை நேராகவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஓடுது" என்றேன். "நீ போ."

அவன் போன பிறகு சாவி இடுப்பில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். பிறகுதான் முகத்தைத் துடைத்தேன்.

இன்று காலை எழுந்ததும் அறைக் கதவை உள்ளே தாழிட்டுவிட்டேன். செண்பகம் வெளியிலிருந்து, "மாமா, வெந்நீர் வைக்கவா? குரல் ஒரு மாதிரி இருக்கே" என்றாள். ஒன்றுமில்லை, பாட்டி படத்துக்குப் புது மாலை கட்டிப் போடு என்று சொல்லி அனுப்பினேன்.

அடுப்பில் மிளகுக் கசாயம் கொதிக்கிறது. ஜன்னல் வழியே பார்த்தால் வாசல் கம்பம் தெரிகிறது. நான் அதன் பக்கம் போகாதவரை அது பச்சையாகத்தான் எரியும்.